பத்தரை மணி நேரம் கட்டியிருந்த டயப்பர்

அந்தச் சனிக்கிழமைக்கு என் நாட்குறிப்பில் இரண்டே வரிகள். அதிகாலை 4.40: பாப்பாவுக்கு டயப்பர் கட்டினேன். பிற்பகல் 3.15: அவிழ்த்தேன். நடுவில் திருமலை தரிசன வரிசை. பத்து மாதக் குழந்தை, மலமும் மூத்திரமும் ஊறிய பஞ்சின் மேல் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

காத்திருப்புக் கூடத்திலேயே நாற்றம் வந்தது. "இன்னாங்க, நாறிக்கினு கீது. மாத்திடலாம்" என்றாள் மனைவி.

"சாமி இருக்கிற எடத்துலயா? அபசாரம். கீழ போய்ப் பாத்துக்கலாம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் அடங்கிவிட்டாள். சாமி எனக்கொரு சாக்கு. டயப்பரைப் பிரித்துப் பார்க்கவே எனக்குக் குமட்டியது.

மலையிறங்கி, திருப்பதியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் அவிழ்த்தபோது பிட்டம் தக்காளித் தோல்போல் சிவந்து மின்னியது. வாசனை போட்ட ஈரத் தாளால் துடைத்தேன், அலறினாள். அலமாரியில் என் களிம்பு டியூப் இருந்தது. தொழிற்சாலைச் சீருடை வியர்வையில் தொடையிடுக்கில் வந்த படர்தாமரைக்கு, டாக்டர் சீட்டு கேட்காமல் மருந்துக்கடையில் கொடுத்தது. பூசினால் அரிப்பு உடனே அடங்கும். நிறுத்தினால் முன்னைவிட அகலமாக வரும். அது தெரிந்திருந்தும், என் இடுக்கைத் தொட்ட விரலால் அதையே பிதுக்கி மகளுக்குப் பூசினேன்.

திங்களன்று சிவப்பு குறைந்தது. வியாழனன்று தொடை மடிப்புக்குள் திரும்பி வந்தது, சுற்றிலும் சிறுசிறு புள்ளிகளோடு. மறுபடி பூசினேன், மறுபடி வந்தது. எல்லாவற்றையும் மணியோடு குறித்துவைத்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

அடுத்த செவ்வாயன்று குழந்தை மருத்துவர் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, டியூப்பை இரண்டு விரல்களால் தூக்கிப் பார்த்தார்.

"இது யாருக்கு வாங்கினது?"

"அவருக்குத்தாங்க மேடம்" என்றாள் மனைவி. "எங்க தேய்ச்சிக்கினு இருந்தாருன்னு மட்டும் கேக்காதீங்க."

"கேக்கவே வேணாம்மா, அவர் நிக்கிறதுலயே தெரியுது."

நான் கால்களைச் சேர்த்துக்கொண்டேன். மருத்துவர் சிரிக்கவில்லை.

"மொதல்ல ஈரத்துல வெந்த புண்ணு. அப்புறம் பூஞ்சைக் காளான் சேந்துக்கிச்சு. மடிப்புக்குள்ள சிவப்பு, சுத்தி புள்ளி, அதான் அடையாளம். உங்க டியூப்ல ஸ்டீராய்டு இருக்கு. மேலாப்புல சிவப்பை மறைச்சிட்டு தோலை மெலிசாக்கிடும். இப்படியே தேய்ச்சிக்கினு போயிருந்தா பொண்ணு தோலு காயிதம் மாதிரி ஆயிருக்கும், நைனா."

காளானுக்கு மட்டுமான களிம்பு எழுதினார். வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. வெளியே போனால் மட்டும் டயப்பர். அப்போதும் துத்தநாகக் களிம்பு பூசி, நனைந்ததும் மாற்ற வேண்டும். வீட்டில் காற்றுப் படட்டும். என்னையும் தோல் மருத்துவரிடம் போகச் சொன்னார்.

"ஊட்ல டயப்பர் இல்லன்னா பீயை யார் அள்றது?" ஆட்டோவில் மனைவி கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்னே, "நீங்கதான்" என்றாள்.

அன்று மாலையே பாப்பா பாய் மேல் போனாள், கடுகு மஞ்சளில், சூடாக. மூச்சைப் பிடித்துக்கொண்டு துணியால் வழித்தேன். துணி போதவில்லை, உள்ளங்கையில் ஒட்டியது. ஓங்கரித்துக் கண்ணில் நீர் வந்தது. மனைவி கதவருகில் நின்று பார்த்தாள், உதவிக்கு வரவில்லை. சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டு, மகளுக்குப் புதுக் களிம்பைப் பூசினேன்.

தோல் தன் நிறத்துக்கு வர ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பது நாளும் நான்தான் அள்ளினேன். ஒன்பது நாளும் குமட்டியது.