வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர்

என் வீட்டுக்காரர் வாரத்தில் ஒரு நாள் மட்டும் என்னை 'மேடம்' என்று கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து நான் உட்கார்ந்ததும் போன் அடிக்கும். தோஹாவில் அது விடுமுறை நாள். ஜும்மா தொழுது, சாப்பிட்டு, அறையில் மற்றவர்கள் தூங்கும் நேரம் பார்த்து மொட்டை மாடிக்கு வந்துவிடுவார். "வணக்கம் மேடம், உங்க பில்டிங்குக்கு நெட்வொர்க் போடற விஷயமா பேசணும்" என்று ஆரம்பிப்பார். கல்யாணமான புதிதில்கூட அவர் என்னிடம் அத்தனை மரியாதையாகப் பேசியதில்லை. சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். ஆனால் சிரிக்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

அவர் அப்போது நெட்வொர்க் டிசைனில் ஒரு பெரிய தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அதே துறைதான். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் நெட்வொர்க் பிரிவில் வேலை. இந்தத் துறையின் மற்ற தேர்வுகளில் கருவிகளை இயக்கத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இதில் ஒரு வங்கியையோ ஆஸ்பத்திரியையோ கதையாகக் கொடுத்து, அவர்களுக்கு எது பொருந்தும், ஏன் பொருந்தும் என்று குடைவார்கள். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. இதில் தேறியவருக்கு உட்கார்ந்து திட்டம் போடும் வேலை கிடைக்கும், அதைப் பெரம்பலூரில் எங்கள் வீட்டு மாடியிலிருந்தே பார்க்கலாம் என்று நாங்கள் நம்பினோம். அவர் வீட்டுக்கு வர வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறு ஆசை இல்லை. அதற்காகத்தான் நான் வாடிக்கையாளர் வேஷம் கட்டினேன்.

வீட்டில் அது நடக்காது. மாமிக்கு மகனிடம் பேச ஆயிரம் இருக்கும், பிள்ளை போனைப் பிடுங்கிக்கொள்வாள். பஸ்ஸில் போகும் அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுடையது. நானும் லேசுப்பட்ட வாடிக்கையாளர் இல்லை. கதையில் எழுதாததையெல்லாம் சொல்லிக் குழப்புவேன், நடுவில் மனசு மாறுவேன், கோபித்துக்கொள்வேன். ஒருமுறை, "என் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் நடக்கறப்ப லைன் போச்சுன்னா உங்களைச் சும்மா விட மாட்டேன்" என்று கத்தியதைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் மருமவ நர்ஸுக்குப் படிச்சிருக்குங்க. ஒங்க ஆஸ்பத்திரில ஒரு வேல போட்டுக் குடுங்கம்மா." அந்தப் பக்கம் மொட்டை மாடியில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒப்பந்தத்தை முதலில் மீறியது அவர்தான்.

அவரிடம் ஒரே ஒரு குறை உண்டு. எதிராளி பேசி முடிப்பதற்குள் மனசில் படம் போட்டுவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். லீவில் வந்தபோது, நான் அளவு சொல்லி முடிப்பதற்குள் வாங்கிய பெரிய வாஷிங் மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது எங்கள் குளியலறைக் கதவுக்குள் நுழையவே இல்லை. ஆகவே நான் ஒரு சட்டம் போட்டேன். நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி, "இதுதானே மேடம் நீங்க கேட்டது?" என்று உறுதி செய்துகொள்ளாமல் அடுத்த பேச்சுக்குப் போகக் கூடாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆலையில் ஒரு கூத்து நடந்தது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு இன்டர்நெட் லைன் வாங்கி நிம்மதியாக இருந்தோம். சாலையை அகலப்படுத்த வந்த ஜேசிபி ஒரே அள்ளில் இரண்டையும் பிடுங்கிப் போட்டது. இரண்டு கம்பெனியும் ஒரே பள்ளத்தில் கேபிளைப் புதைத்திருந்தன. எடைமேடை கம்ப்யூட்டர் நின்றுபோக, லாரிகள் எடை போட முடியாமல் வாசலில் வரிசை கட்டி நின்றன. அவரிடம் சொன்னபோது, "ரெண்டு லைன் இருக்கான்னுதான் கேட்டீங்க. ரெண்டும் எந்த வழியா வருதுன்னு யாருமே கேக்கல பாரு" என்றார். அதற்குப் பிறகு அவர் எந்த வாடிக்கையாளரிடமும் பள்ளத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டதில்லை.

தேறிவிட்டார். மாமி தெருவுக்கே இனிப்புக் கொடுத்தார். நான் மாடி அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, மேஜை வாங்கிப் போட்டேன். ஆனால் அவருடைய கம்பெனி அந்தச் சான்றிதழைக் காட்டி ஒரு பெரிய டெண்டரை எடுத்துவிட்டது. தேர்வில் தேறியவர் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது டெண்டரின் நிபந்தனை. அது முடிவதற்குள் இன்னொரு டெண்டர். சாதாரண என்ஜினியராக இருந்தபோது கேட்டதும் கிடைத்த லீவுகூட இப்போது கிடைப்பதில்லை. எங்கள் நம்பிக்கை எல்லாம் அந்த ஒரு சான்றிதழ் வழியாகத்தான் போனது. அதைப் பற்றி நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

தேர்வு முடிந்ததும் 'மேடம்' நின்றுபோனாள். வெள்ளிக்கிழமைப் பேச்சு, சாப்பிட்டியா, புள்ள படிக்கிறாளா, அம்மாவுக்கு மாத்திரை இருக்கா என்று சுருங்கிவிட்டது. அவர் இல்லாத வீட்டுக்கு எப்படியோ பழகிவிட்டேன். மூச்சு முட்டச் சண்டை போட்டுக்கொண்டு வந்த அந்த பஸ் பயணம் போனதுதான் தாங்க முடியவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தும் பாதி வழி கண்ணை மூடிக்கொண்டுதான் வருவேன்.

இப்போது நான் அதே தேர்வுக்குப் படிக்கிறேன். நான் தேறி நல்ல வேலைக்குப் போய்விட்டால் அவர் எல்லாவற்றையும் உதறிவிட்டு வரலாம் என்பது புதுத் திட்டம். வாடிக்கையாளர் அவர். 'மச்சான்' என்று கூப்பிட்டே பழகிய வாய்க்கு 'சார்' வர மாட்டேன் என்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஒரு வங்கியின் கதை. "சார், உங்க கிளைக்கும் தலைமை ஆபீஸுக்கும் நடுவுல லைன் அறுந்துபோச்சுன்னா எவ்வளவு நேரம் தாங்குவீங்க?" என்று கேட்டேன். அரை நாள் என்று கதையிலேயே எழுதியிருக்கிறது. அவரிடமும் அந்தத் தாள் இருக்கிறது. ஆனால் அவர் அதைப் பார்த்துச் சொல்லவில்லை.

"இனிமே அரை நாள்கூடத் தாங்காதும்மா" என்றார்.

இதுதானே சார் நீங்க சொன்னது என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால், உன்னைக் குழப்பத்தான் அப்படிச் சொன்னேன் என்று சிரித்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. பஸ் பெரம்பலூர் வந்துவிட்டது. ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். "வெச்சிடட்டுமா?" என்றேன். "ம்" என்றார். இரண்டு பேருமே வைக்கவில்லை.