விரிவான காரணம் பின்னர்

அப்பா சாப்பாட்டுத் தட்டைச் சற்றே நகர்த்தி வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "ஸ்டே" என்பார். வீட்டில் யாருடைய குரலாவது கொஞ்சம் உயர்ந்தால் இந்தத் தடையுத்தரவுதான். மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நடந்துவருகிறது. கோர்ட்டில் அவர் பெஞ்ச் கிளார்க். நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து வழக்கைக் கூப்பிட்டு வாய்தா குறிப்பவர். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் தானே நீதிபதியாகி மேலே ஏறி உட்கார்ந்துவிடுவார்.

அதற்குச் சாட்சி சமையலறைச் சுவர். மஞ்சளா, வெள்ளையா என்று அம்மாவும் தம்பியும் முட்டிக்கொண்டபோது பெயின்டர் பாதிச் சுவரைத் தாண்டியிருந்தார். "இப்ப இருக்கற நிலையே தொடரணும்" என்று உத்தரவானது. சுவர் இன்றும் பாதி மஞ்சள், பாதி பழைய எண்ணெய்ப் பிசுக்கு. பக்கத்து வீட்டுக்குத் தருவதாக இருந்த பூனைக்குட்டிமேலும் தடை விழுந்தது. அது வளர்ந்து குட்டிகள் போட்டுவிட்டது. "அதுங்களுக்கும் சேத்துதான் ஸ்டே" என்கிறார். தெருவில் அவர் பெயரே 'ஸ்டே சார்'. "தீர்ப்பு சொன்னா ஒருத்தன் பகையாயிடுவான். தடை போட்டா ரெண்டு பேரும் நாளைக்கும் நம்மகிட்டயே வருவாங்க" என்று அதற்கு விளக்கமும் வைத்திருக்கிறார்.

மக்கள் தேர்ந்தெடுத்த சபை போட்ட சட்டத்தை, யாரும் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் ரத்து செய்யலாமா என்று வக்கீல்கள் டீக்கடையில் மேசையைத் தட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் மகளுக்கு வேலை வந்தது. வேறு ஊரில், ஏழைகளுக்கு வழக்கு நடத்தித் தரும் அலுவலகத்தில். திங்கட்கிழமை சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்.

தட்டு நகர்ந்தது. கண்ணாடி ஏறியது.

"ஸ்டே."

"நாங்க மூணு பேரும் போகட்டும்னு சொல்றோம். உங்கள யாருங்க ஓட்டுப் போட்டு ஜட்ஜாக்கினது?" என்றாள் அம்மா.

"ஓட்டு எண்றதுக்கு கோர்ட் எதுக்கு? மூணு பேரு சேந்து என்னை வீட்டை விட்டுத் துரத்தணும்னு முடிவெடுத்தா துரத்திடலாமா?"

"அப்படி ஒரு சட்டம் போட முடியுமா? சொல்லுங்க, இன்னைக்கே போட்டுடறோம்."

தம்பிக்குப் புரையேறியது. மகள் சிரிக்கவில்லை. "காரணம் சொல்லாத தடை செல்லாதுப்பா."

"விரிவான காரணம் பின்னர்" என்று அவர் கையைக் கழுவப் போனார்.

வெள்ளிக்கிழமை வரை காரணம் வரவில்லை. மகள் மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தாள். கோர்ட்டிடம் படை கிடையாது. எதிரே நிற்பவர்கள் கீழ்ப்படிவதால்தான் அதன் உத்தரவு நிற்கிறது. அப்பாவுக்கும் அப்படித்தான். இத்தனை நாள் மதித்து நடந்தேனா, பயந்து நடந்தேனா? எதிர்த்து வாதாடும் இந்த நாக்கே அவர் சோற்றில் வளர்ந்ததுதானே? யோசனையை அப்படியே விட்டு எழுந்தாள். போய் டிக்கெட் வாங்கிவிட்டாள்.

கிளம்பும்போது அவள் நீட்டிய டிக்கெட்டை அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இது கோர்ட் அவமதிப்பு, தெரியுமில்ல?"

"தெரியும்ப்பா. தண்டனை?"

"நம்ம கோர்ட்டுல ஜெயில் இல்லையே" என்று முணுமுணுத்து, சட்டை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குக் கூடவே வந்தார்.

வழியெல்லாம் அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவள் தலையை வெளியே நீட்டினாள். "அப்பா, தடைய நீக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மனசாரப் போவேன்."

அவர் நடத்துநரிடம் ஏதோ கேட்கப் போவதுபோல் நகர்ந்துவிட்டார். அவள் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள். பஸ் உறுமியது.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். அப்பா. அவசரமாகத் திறந்தாள். பக்கத்துச் சீட்டு அம்மாள்கூடக் காதைக் கொடுத்தாள்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். தொண்டையைச் செருமினார்.

"ஜன்னல சாத்திக்கோம்மா. காத்து அடிக்கும்."

அவள் அசையவில்லை. நகரத் தொடங்கிய பஸ்ஸோடு நாலு எட்டு ஓடிவந்து, வெளியிலிருந்து தன் கையாலேயே கண்ணாடியைத் தள்ளிச் சாத்தினார்.