சபைக்கு முதுகு காட்டியவள்

பாட்டு டீச்சர் என்பவள், பெரிய மனிதர் உள்ளே வரும்போது பாட்டைத் தொடங்கவும், அவர் உட்கார்ந்ததும் நிறுத்தவும் சம்பளம் வாங்குகிறவள். தையல் டீச்சர்களே, டிராயிங் மாஸ்டர்களே, பரீட்சை நெருங்கினால் உங்கள் பீரியடையும் கணக்கு வாத்தியார் தூக்கிக்கொண்டு போகிறாரல்லவா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. மேலே படியுங்கள்.

முதுகு

சங்கீதத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, கேரள எல்லையில், வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்தேன். குரல் உள்ள பெண்களாகப் பார்த்து ஒரு குழு சேர்த்தேன். இருபது பேர் ஒன்றாகப் பாட வேண்டுமென்றால் எதிரே ஒருத்தி நின்று கை காட்ட வேண்டும். அப்படி நிற்பவளின் முதுகு சபைப் பக்கம்தான் இருக்கும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

பள்ளி மேனேஜருக்குப் புரியவில்லை. தென்னந்தோப்பு, பால்மாடுகள், இந்தப் பள்ளிக்கூடம் மூன்றும் அவருடையவை. மூன்றையும் ஒரே குரலில்தான் அதட்டுவார். "ஏனுங்க டீச்சர், பெரியவங்க உக்காந்திருக்கற சபைக்கு முதுகக் காட்டீட்டு நிக்கலாமுங்களா?" என்றார். யூனிவர்சிட்டியில் வாதாடிக் கோப்பை வாங்கியவள் நான், விடுவேனா? "பஸ் டிரைவரும்தான் உங்களுக்கு முதுகைக் காட்டுகிறார். மரியாதை போச்சென்று யாராவது பாதி வழியில் இறங்கிவிடுகிறீர்களா?" என்றேன்.

அவர் யோசிக்கக்கூட இல்லை. "டிரைவரு ஆம்பளைங்க, டீச்சர்."

படுதா மறைவு

கடைசியில் மேடையின் ஓரத்தில், படுதாவுக்குப் பின்னால் நின்று கை காட்டலாம் என்று உத்தரவானது. பெற்றோர் கூட்டத்தன்று அப்படியே நின்றேன். பெண்கள் சபையைப் பார்த்தால் என் கை தெரியாது. என் கையைப் பார்த்தால் சபை தெரியாது. பாவம், அத்தனை பேரும் கழுத்தை இடப்பக்கம் ஒடித்துக்கொண்டு, கண்ணை விரித்துக்கொண்டு பாடினார்கள். சபையும் அவர்களோடு சேர்ந்து இடப்பக்கமே திரும்பியது. பாட்டை யாரும் கேட்கவில்லை.

முன்வரிசையிலிருந்து ஒரு தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அங்க என்னங்க, பாம்பு கீம்பு பூந்திருச்சுங்களா?"

நின்று கேட்காத பால்

எங்களிடம் ஒரு மழைப்பாட்டு இருந்தது. நானே மெட்டுப் போட்டது. மூன்று சரணம். மூன்றாவதில்தான் விஷயமே. பாதிப் பெண்கள் மேலே நின்று மழையைக் கூப்பிடுவார்கள். மீதிப் பாதி கீழ்க்குரலில் வேறு வரியைப் பாடி அதை இறக்கிக்கொண்டு வருவார்கள். கீழ்க்குரலுக்குத் தலைவி சரசு. எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். அதோடு படிப்பும் பாட்டும் போதும் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அவள் போவதற்குள் அந்த மூன்றாவது சரணத்தை ஒரு முறையாவது சபையில் பாடிவிட வேண்டும். எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

எங்கே விட்டார்கள்? பால் சொசைட்டிக் கட்டடத் திறப்பு விழாவில் முதல் சரணம் முடிந்ததுமே மேனேஜர் போதும் என்று கையைத் தாழ்த்திக் காட்டினார். இறங்கி வந்து சொசைட்டி செக்ரட்டரியிடம் சண்டைக்கு நின்றேன். அவர் கேன்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாட்டு நெம்ப நல்லா இருக்குதுங்க. ஆனா பாலு நின்னு கேக்காதுங்களே."

கல்பாத்தியில் காப்பி

முழுப் பாட்டைக் கேட்கத் தெரிந்த சபை எப்படி இருக்கும் என்று பெண்களுக்குக் காட்டலாமென்று பாலக்காட்டுப் பக்கம் கல்பாத்தியில் ஒரு கச்சேரிக்கு அழைத்துப் போனேன். தொடையில் தாளம், வாயில் "பேஷ், பேஷ்". எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாடகர் ஓய்ந்து, மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கினார். அவ்வளவுதான், பாதிக் கூட்டம் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டது. அதுவரை எல்லோரையும்விட பலமாகத் தலையாட்டிய ஒரு மாமாவை வழிமறித்தேன். "மிருதங்கம் எங்கே ஓடிடப் போறது? காப்பின்னா ஆறிடும்!" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார்.

சரசு மிருதங்கக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், இவருக்கும் நம்ம மேனேஜருதானுங்களா?"

சந்தை நாள்

ஆண்டு விழா வந்தது. சரசுவுக்குக் கடைசி விழா. கோயமுத்தூரிலிருந்து ஒரு மில் முதலாளி தலைமை. மூன்று சரணமும் இல்லையென்றால் பெண்கள் மேடையேற மாட்டார்கள் என்றேன். "அப்ப அவரு காரு வர்ற வரைக்கும் பாடட்டும். வந்ததும் நிறுத்தீரோணும்" என்றார் மேனேஜர். வழக்கமாக மணிக்கணக்கில் வாதாடுகிறவள், உடனே சரி என்றேன். அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால், அன்று வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை, ரோடு முழுக்க மாடாக இருக்கும் என்று ஹெட்மாஸ்டர் முன்பே சொன்னபோது, "காரப் பாத்தா மாடு தானா ஒதுங்கீரும்" என்று சொன்னவர் அவர்.

மாடு ஒதுங்கவில்லை. முன்வரிசை சோபா காலி. காலி சோபாவுக்கு முதுகு காட்டினால் யாருக்கு அவமரியாதை? படுதாவை விட்டு வெளியே வந்து, பெண்களுக்கு எதிரே நடு மேடையில் நின்றேன். முதல் சரணம் முடிந்தது. பக்கவாட்டில் மேனேஜர், "இழுங்க, இழுங்க" என்று கையைச் சுழற்றினார். கூட்டத்தைப் பிடித்து வைக்க வேண்டுமே! இரண்டாவது சரணமும் முடிந்தது. மூன்றாவதைத் தொட்டோம், வாசலில் கார் ஹாரன். அவர் வாசலுக்கு ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு என் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. சரசுவின் முகத்தில் தெரிந்தது. அவள் ஒரு தடவை அங்கே பார்த்தாள், ஒரு தடவை என் கையைப் பார்த்தாள். கையை இன்னும் உயர்த்தினேன். அவள் கண் என் கையையே பிடித்துக்கொண்டது. கீழ்க்குரல் அப்படி இறங்கி வந்தது, கடைசி வரிவரைக்கும். மில் முதலாளி வாசலில் மாலையும் கழுத்துமாக நின்றாராம்.

"நான் அத்தன தடவ கை காட்டுனனே, தெரியலீங்களா?" என்று பாய்ந்தார் மேனேஜர். "முதுகில் கண் இல்லைங்களே" என்றேன்.

நாங்கள் இறங்கியதும் சரசுவின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கத் தொடங்கியது. "பாட்டு அருமைங்க, டீச்சர். கடைசியில எம் புள்ளையும் இன்னுங் கொஞ்சம் பேரும் வரிய மறந்து வேறென்னமோ பாடிப்போட்டாங்க. திட்டிப்போடாதீங்க, சாமி."

ஆகையால், முழுப் பாட்டும் பாடி முடிக்க விரும்பும் பாட்டு டீச்சர்களுக்கு என் ஒரே யோசனை: விழாவை மாட்டுச் சந்தை நாளில் வையுங்கள், முதுகை வாசல் பக்கம் வையுங்கள், பாராட்டை மட்டும் யாரிடமும் கேட்டு வைக்காதீர்கள்.