செம்பூர்த் தபேலாவில் ஈரல்புழு பிடிபட்ட கதை

1. டிபன் கேரியர்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை மாடு அறுக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். அறுபதுகளின் தொடக்கம். விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, பரேலில் கால்நடை நோய்களை ஆராயும் ஒரு லேபில் ரிசர்ச் அசிஸ்டென்டாகச் சேர்ந்திருந்தேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். முதல் நாளாயிற்றே என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு மாட்டுங்காவிலிருந்து போயிருந்தேன். எங்கள் தலைவர் ராமநாதன் சாரும் மாட்டுங்காக்காரர்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாந்த்ரா ஸ்லாட்டர் ஹவுஸ் போய், ஈரல்ல புழு இருக்கற மாட்டோட பித்தப்பையை வாங்கிண்டு வரணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடும்மா. எங்கேயாவது டீச்சர் வேலைக்கு அப்ளை பண்ணலாம்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. போனேன். ஈரலை அறுத்தால் பித்தக் குழாயிலிருந்து இலை மாதிரித் தட்டையாகப் புழு வழுக்கிக்கொண்டு வரும். அதன் முட்டைகள் பித்தப்பையில் சேர்ந்திருக்கும். முட்டை கிடைத்தால்தான் லேபில் மேற்கொண்டு வேலை. பித்தப்பைகளை டிபன் கேரியரில் அடுக்கிக்கொண்டு லோக்கல் ட்ரெயினில் லேடீஸ் டப்பாவில் ஏறினேன். பக்கத்திலிருந்த மாமி மூக்கைச் சுளித்தாள்.

"என்னடியம்மா அதுல, சாம்பாரா?"

"ஆமாம் மாமி, கொஞ்சம் ஊசிப்போச்சு."

அடுத்த ஸ்டேஷனில் மாமி வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு உட்கார நல்ல இடம் கிடைத்தது.

2. கோனாரின் எருமைகள்

புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஈரல்புழுவின் முட்டை சாணியோடு வெளியே வரும். தண்ணீரில் விழுந்தால் பொரிந்து, ஒரு குறிப்பிட்ட நத்தைக்குள் புகுந்து பெருகும். பிறகு நத்தையை விட்டு வெளியே வந்து, தண்ணீரில் நிற்கும் புல்லில் வெள்ளைப் புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பெயர் சிஸ்ட். அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் ஈரலில் மறுபடியும் புழு. நடுவில் நத்தை இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

சுடலைமுத்துக் கோனார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். செம்பூரில் தபேலா, அதாவது எருமைக் கொட்டகை, வைத்துத் தமிழர் வீடுகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாள் லேப் வாசலில் வந்து நின்றார். அவருடைய எருமைகள் கழிந்துகொண்டே இருந்தன. தாடைக்கடியில் பை மாதிரி நீர் கோத்துக்கொண்டது. பால் வற்றிவிட்டது. சில செத்தும் போயிருந்தன.

"டாக்டரம்மா, மருந்து ஊத்துனா கொஞ்ச நாளைக்குத் தெளியுது. பொறவு பழையபடி கழியுது. இந்த மழைக்குள்ள சரியாகலன்னா எல்லாத்தையும் கசாய்காரனுக்கே ஓட்டி விட்டுட்டு, ஏதாவது மில்லு வாசல்ல போயி நிக்க வேண்டியதுதாம்."

"நான் டாக்டர் இல்லை கோனாரே."

"அது எனக்கு எதுக்கு? புழுவப் பிடிப்பியளா மாட்டியளா, அதச் சொல்லுங்க."

பிடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் எப்போதும் முந்திக்கொள்ளும்.

சாணியைப் பார்த்தேன். மைக்ராஸ்கோப் நிறைய முட்டை. சார் அலட்டிக்கொள்ளவில்லை. "இந்த எருமையெல்லாம் வடக்கேருந்து ரயில்ல வர்றது. வரும்போதே புழுவோட வந்திருக்கும். மருந்து பத்தலை, அவ்வளவுதான்" என்றார். மறுநாள் ஒரு கிடேரியின் சாணியை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன்.

"சார், இது இந்தத் தபேலாவிலேயே பிறந்தது. வாசலைத் தாண்டினதே கிடையாது. இதுலயும் முட்டை இருக்கு."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ ஆகாசத்துலேருந்தா வந்தது? மழை முடியறதுக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா செம்பூரை மறந்துட்டு வேற வேலையைப் பாரு."

3. எல்லாப் பதிலும் சரியாக இருந்தது

எருமை எங்கே மேய்கிறது? எங்கும் மேய்வதில்லை, நாளெல்லாம் கட்டுத்தறியில்தான். எந்தத் தண்ணீர் குடிக்கிறது? முனிசிபாலிட்டிக் குழாய்த் தண்ணீர். புல் எங்கிருந்து வருகிறது? வசை என்கிற ஊர்ப் பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து. வசைக்கே போய் வரப்பு வரப்பாகத் தேடினேன். அந்த நத்தை ஒன்றுகூட இல்லை. புல்லை அலசி அலசிப் பார்த்தேன், சிஸ்டும் இல்லை.

ஆனால் தபேலாவின் பின்சுவருக்கு அப்பால் ஒரு குட்டை இருந்தது. சாணி கழுவிய தண்ணீரெல்லாம் அதில்தான் விழும். கரை முழுக்க நத்தை. ஓடு மெல்லியது. கூர்நுனி மேலே இருக்கும்படி பிடித்தால் வாய் வலது பக்கம் திறக்கும் சாதி, நாங்கள் தேடுகிற சாதியேதான். நசுக்கி லென்ஸில் பார்த்தால் உள்ளே புழுக் குஞ்சுகள் வாலை ஆட்டிக்கொண்டு நெளிந்தன. புழு அந்தப் பக்கம், எருமை இந்தப் பக்கம், நடுவே ஆளுயரச் சுவர்!

"கோனாரே, ஒரு நாளாவது எருமை அந்தக் குட்டைக்குப் போயிருக்கா? உண்மையைச் சொல்லும்."

"சுடலை மேல ஆணையாச் சொல்லுதேன், போனதே இல்ல. அந்தச் சாக்கடையில எவனாவது மாட்ட விடுவானா?"

மனுஷர் பொய் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குத்தான் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

4. மத்தியான வெயில்

சாணி சாம்பிள் எடுக்க எங்கள் ஜீப் காலைக் கறவை நேரத்தில்தான் செம்பூருக்குப் போகும். ஒரு நாள் ஜீப் மக்கர் பண்ணியது. திட்டிக்கொண்டே பஸ் பிடித்தேன். போய்ச் சேரும்போது மழை விட்டு உச்சி வெயில். நத்தை பொறுக்கலாம் என்று நேரே பின்பக்கம் போனேன். குட்டை ஓரத்தில், முழங்கால் தண்ணீரில், புல்கட்டுகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. தபேலாவில் வேலை பார்த்த வடநாட்டு பையா இன்னும் ஒரு கட்டைத் தூக்கி உள்ளே நிறுத்தினான்.

"கோனாரே!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார்.

"இது என்ன?"

"புல்லு."

"குட்டையில ஏன் நிக்குது?"

"பின்ன? காலைல வார புல்லு வெயில்ல வாடிப் போவும்லா? வாடுனத எரும மோந்துகூடப் பாக்காது. தண்ணியில நிறுத்துனா சாயங்காலம் பச்சப்பசேல்னு இருக்கும். இங்கன எல்லாரும் செய்யதுதான?"

"இதை ஏன்யா என்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கலியே! எரும குட்டைக்குப் போவுதான்னு கேட்டிய, இல்லன்னேன். புல்லு போவுதான்னு கேட்டியளா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு தண்டை உருவி வெயிலுக்கு நேரே பிடித்தேன். வெள்ளை வெள்ளையாக, குண்டூசித் தலை அளவுகூட இல்லாத புள்ளிகள்! அந்தச் சேற்றிலேயே குதித்தேன். புடவை நாசமானது. போகட்டும்.

5. முயல்

சார் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "சிஸ்ட்னு நீ சொல்றே. அது வேற ஏதாவது வயித்துப் புழுவோட சிஸ்டா இருந்தா என்ன பண்ணுவே? முயலுக்குக் கொடு. ஈரல்ல எனக்குப் புழுவைக் காட்டு." அவர் கேட்டது நியாயம். ஒரு முயலுக்கு அந்தச் சிஸ்டுகளைக் கொடுத்தேன். இன்னொன்றுக்குக் குட்டையில் படாத புல்.

அந்த வாரங்களை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. கோனார் அன்றோடு புல்லைக் குட்டையில் வைப்பதை நிறுத்திவிட்டார். வாடிய புல்லை எருமைகள் ஒதுக்கின. மிச்சமிருந்த பாலும் இறங்கியது. கசாய் தரகன் வந்து எருமைகளின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.

"உங்க வார்த்தைய நம்பித்தாம் உக்காந்திருக்கேன் தாயி" என்றார் கோனார்.

முயலை அறுக்கும் நாள் வந்தது. ஈரல் முழுக்கப் புழு குடைந்த தடம். தட்டில் வைத்துப் பிரித்தேன். குட்டிப் புழுக்கள், உயிரோடு! மற்ற முயலின் ஈரல் பளிங்கு மாதிரி இருந்தது. சார் மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை வெகுநேரம் எடுக்கவில்லை. அப்புறம் எழுந்தவர் வராந்தாவில் போய் நின்று கத்தினார்.

"எல்லாரும் இங்கே வாங்கோ! இந்தப் பொண்ணு பிடிச்சுட்டா!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் பார்த்தால் என்ன என்று அழுதேன்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. புல்லுக்கு மூங்கில் பரண் கட்டி, குழாய்த் தண்ணீரில் நனைத்த கோணிகளைப் போர்த்தினோம். குட்டையில் மயில்துத்தம் கரைத்து நத்தைகளை ஒழித்தோம். சாணித் தண்ணீரை வேறு பக்கம் திருப்பினோம். எருமைகளுக்கு மறுபடி மருந்து ஊற்றினோம். இந்தத் தடவை புழு திரும்பவில்லை. தாடை வற்றியது, பால் ஊறியது. கோனார் எதையும் விற்கவில்லை.

அதோடு அவர் நிற்கவுமில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு, மத்தியான நேரமாகப் பார்த்து, அக்கம்பக்கத்துத் தபேலா ஒவ்வொன்றுக்கும் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மற்றவர்களின் குட்டையில் தானே இறங்கிக் கட்டு கட்டாகப் புல்லைக் கரையில் வீசுவார். "ஏலே, நீ எருமைக்குப் புல்லா போடுத? புழுவப் போடுதலே!" என்று அவர் போடுகிற சத்தத்தில் சொந்தக்காரர்களே ஓடி வந்து மிச்சக் கட்டுகளைத் தூக்குவார்கள். எங்களுடைய எந்த ரிப்போர்ட்டும் அவ்வளவு வேகமாகச் செம்பூரைச் சுற்றி வந்ததில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மாடு என்ன தின்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். தின்பதற்கு முன்னால் அது எங்கே கிடந்தது என்று போய்ப் பாருங்கள். காலையில் போனது போதும் என்று திரும்பிவிடாதீர்கள். மத்தியானமும் போங்கள்.