மூன்று பேர் தொங்கும் படம்

சிலுவைப் படம் உடைந்துபோயிற்று என்று எங்கள் சபை உபதேசியாரிடம் நான் சொன்னபோது, அது கைக்குட்டையில் சுற்றப்பட்டு என் ஜிப்பாப் பைக்குள் பத்திரமாக இருந்தது.

"எப்பம்லே ஒடஞ்சிது?"

"பெட்டிய எறக்கும்போ கை தவறிட்டு."

"சில்லெல்லாம் எங்க?"

"கால்வாயில போட்டேன். ஆளுவளுக்க கால்ல குத்தப்பிடாதுல்லா?"

பொய் எனக்கு எவ்வளவு வேகமாக வருகிறது! நாகர்கோவில் கல்லூரியில் விவாதக் கூட்டங்களில் எதிர்க்கட்சிக்காரன் வாயைத் திறப்பதற்கு முன்பே பதிலோடு எழுந்து நிற்பேன். அந்த வேகந்தான் இதிலும். உபதேசியார் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு திரையாக ஒரு வேட்டியை இழுத்துக் கட்டப் போய்விட்டார்.

எங்கள் சபையில் ஒரு மாய விளக்கு உண்டு. தகரப் பெட்டிக்குள் மண்ணெண்ணெய் விளக்கு, முன்னால் பூதக்கண்ணாடி, இரண்டுக்கும் நடுவே செருகுவதற்குக் கண்ணாடியில் வண்ணம் தீட்டிய படங்கள். தலைகீழாகச் செருகினால் திரையில் நேராக விழும். அறுப்பு முடிந்து களங்கள் காலியாகும் மாதங்களில் உபதேசியாரும் நானும் அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவோம். முன்பெல்லாம் அவரே படத்தையும் மாற்றிக்கொண்டு அவரே பேசுவார். நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு, "நீங்க படத்த மாத்துங்க, நான் விளக்கம் சொல்லுகேன்" என்று பேச்சை என் கைக்கு எடுத்துக்கொண்டேன். அவரும் மறுக்கவில்லை.

அன்று நாங்கள் போயிருந்தது என் வகுப்புத் தோழனின் ஊருக்கு. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற சைவக் குடும்பம். என் அப்பா கருப்பட்டிச் சுமையோடு அந்த ஊர் வழியாகப் போனவர்தான். ஆனால் தெருவுக்குள் போனதில்லை, வரப்பு வழியாகச் சுற்றிப் போவார். அப்படிப்பட்ட ஊரில் கால்வாய்க்கரைக் களத்தில் கூட்டம் போட என் தோழன்தான் பெரியவர்களிடம் பேசி உத்தரவு வாங்கித் தந்தான். வாங்கித் தந்த கையோடு இப்படியும் சொன்னான்:

"ஓய், உங்க கடவுள ரெண்டு கள்ளனுக்கு நடுவுல தொங்கவிட்டுக் கொன்னுபோட்டானுவ. அத நீரு வேட்டியில வேற படம் போட்டுக் காட்டுகேரு. எங்க பெரியப்பா சிரிச்சே செத்துப்போவாரு, கேட்டீரா?"

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். கூட்டத்துக்கு முந்தின இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 'சிலுவையில் விளங்கும் தேவபெலனும் தேவஞானமும்' என்பது அந்தக் கூட்டத்துக்குப் போதகர் குறித்துத் தந்த பொருள். பெலனைக் காட்டலாம், ஞானத்தைக் காட்டலாம், சிலுவையை எதற்கு அவசரப்பட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்குள்ளே ஒரு வாதம் கிளம்பியது. அறிவுள்ளவர்கள் முன்னால் அறிவாகப் பேச வேண்டாமா? ஆணி அடித்த கையையும் உரிந்த உடம்பையும் காட்டினால் இவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார்களா? வாதம் எனக்கே அழகாகப் பட்டது. காலையில் எழுந்து படத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அந்தி மயங்கியதும் விளக்கை ஏற்றினோம். பெரியவர்கள் பெஞ்சுகளில் இருந்தார்கள். வயல் வேலைக்காரர்கள் களத்தின் ஓரத்தில், வைக்கோல்போரை ஒட்டி இருந்தார்கள். இயேசு கடலில் காற்றை அதட்டும் படம் விழுந்தது, பேசினேன். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்கிற படம், பேசினேன். மலைமேல் போதிக்கிற படத்துக்குக் கொல்லாமையையும் பொறுமையையும் சேர்த்துப் பேசியபோது பெஞ்சிலிருந்த தலைகள் ஆடின. குருத்தோலை ஊர்வலத்திலிருந்து ஒரே தாவாகத் தாவித் திறந்த கல்லறைக்குப் போய்விட்டேன். நடுவில் அவர் எப்படிக் கல்லறைக்குள் வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. விளக்குக்குப் பின்னால் உபதேசியார் மட்டும் இருமினார்.

"பையன் வெவரமாட்டுப் பேசுகான்" என்றார் பெரியப்பா.

கூட்டம் கலைந்தது. தோழன் ஓடி வந்து என் தோளில் கைபோட்டான். "சபாஷ் ஓய்! வாரும், வீட்டுல காப்பி போட்டிருக்கு. பெரியப்பா கூட்டிட்டு வரச் சொன்னாரு."

அந்தத் தெருவுக்குள், அந்த வீட்டுக்கு, கூப்பிட்டுக் காப்பி! அப்பாவிடம் இதை எப்படிச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே நடக்கத் திரும்பினேன். வைக்கோல்போர்ப் பக்கமிருந்து ஒரு அம்மாள் குறுக்கே வந்து நின்றாள். அறுப்புக்குப் போகிறவளாக இருக்க வேண்டும், விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"வாத்தியாரே, மூணுபேரு தொங்குத படம் வரல்லியே?"

"எந்தப் படம்?"

"சாமிக்க பக்கத்துல ஒரு கள்ளனும் தொங்கினானாமே. கடப்புறத்து மீன்காரி சொன்னா. அதப் பாக்கத்தான் வந்தேன். நீ பேசினது ஒண்ணும் கேக்கல்ல, எனக்குக் காது மந்தம்."

"ஓய், வாறீரா?" என்றான் தோழன்.

"உபதேசியாருட்ட கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவள் என் மேல்துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்க மவனுக்குத் தூக்கு விதிச்சாச்சி, மக்கா. களவுக்குப் போன எடத்துல ஒரு ஆளு செத்துப்போச்சி. திருவனந்தபுரம் செயில்ல கெடக்கான். நாளைக்குப் பாக்க விடுவாவளாம், காலத்த போறேன். போயி என்னத்த சொல்லதுன்னு தெரியல்ல. அதான், இந்தக் கள்ளனுக்க காரியத்தக் கேட்டுட்டுப் போலாம்ணு."

திரும்பி நின்றேன். சொல்லத் தொடங்கினேன். இரண்டு கள்ளர்களையும் அவரையும் சேர்த்துச் சிலுவையில் அறைந்தார்கள் என்றேன். பக்கத்தில் தோழன் நிற்கிறானே என்று மெல்லச் சொன்னேன்.

"என்னது? ஒறக்கச் சொல்லு மக்கா."

கொஞ்சம் குரலை உயர்த்தினேன்.

"கேக்கல்ல. நல்லா ஒறக்கச் சொல்லு."

"கள்ளன்மாரோட சேத்து அவரயும் அறைஞ்சாவ!" என்று கத்தினேன். களத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நெசமாவே சாமியையுமா?"

"ஆமா, அவரயுந்தான்!"

"உடுதுணியோடயா?"

எந்தக் கேள்விக்குப் பயந்து படத்தை ஒளித்தேனோ, அதே கேள்வி. "இல்ல! உரிஞ்சிட்டாவ!"

"அந்தக் கள்ளன் களவெடுத்தவன்தானா? பொய்க்கேசு இல்லியே?"

"எடுத்தவன்தான்! அவனே ஒத்துக்கிட்டான்! பொறவு அவரப் பாத்து என்னயும் நெனச்சிக்கிடும்னு கேட்டான். இன்னைக்கே நீ எனக்ககூட இருப்பன்னு அவரு சொன்னாரு!"

"எறங்கி வந்தா சொன்னாரு?"

"எறங்கல்ல. தொங்கிக்கிட்டே சொன்னாரு!"

அவள் துண்டை விட்டாள். கொஞ்ச நேரம் வாய்க்குள்ளே என்னவோ சொல்லிப் பார்த்தாள். "செரிதான்" என்றாள். "தரையில நிக்கவன் சொன்னா எனக்க மவன் நம்பமாட்டான். கூடத் தொங்கினவரு சொன்னாருன்னா நம்புவான்."

கல்லூரி நூலகத்தில் நான் புரட்டிய தடித்த புத்தகங்கள் அத்தனையும் அந்த நேரத்தில் என் தலைக்குள்தான் இருந்தன. ஒன்றும் உதவிக்கு வரவில்லை. அவற்றால் உதவியிருக்கவும் முடியாது. அவளுடைய மகன் கிடக்கிற இடத்துக்குக் காற்றை அதட்டுகிற பெலன் போய்ச் சேராது. மலைமேல் பேசிய ஞானமும் அங்கே அவனுக்குக் குத்திக்காட்டல்தான். அங்கே போகக்கூடிய ஒன்றே ஒன்றை நான் பைக்குள் வைத்திருந்தேன்.

"படம் இருந்தாக் காட்டு மக்கா."

கைக்குட்டையை அவிழ்த்தேன். உபதேசியார் எப்போது வந்து பக்கத்தில் நின்றார் என்று தெரியாது. கையில் பெட்டியிலிருந்து எடுத்த விளக்கு. கைக்குட்டையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

செருகிப் பழகிய கை. படத்தை அவள் முகத்துக்கு நேரே தலைகீழாகப் பிடித்துவிட்டேன்.

"அய்யோ, தலகீழாவா தொங்கவிட்டாவ?"

திருப்பிப் பிடித்தேன். உள்ளங்கை அகலக் கண்ணாடியில் மூன்று உருவங்கள். கள்ளன் எவன் என்று கேட்டாள், காட்டினேன். அவன் முகத்தில் சாயம் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. விரலால் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டாள்.

"கீழ நிக்கது அவனுக்க அம்மையா?"

"இல்ல. அது இயேசுவுக்க அம்மை. கள்ளனுக்க அம்மை படத்துல இல்ல" என்றேன், அவள் காதோரம் குனிந்து.

"இருப்பா" என்றாள். "எங்கயாவது நிப்பா."

கும்பிட்டுவிட்டுக் கால்வாய்க்கரையில் இறங்கி நடந்தாள். தோழன் இவ்வளவு நேரமும் அங்கேயே நின்றிருந்தான். கேலியாக ஏதாவது சொல்லுவான், திருப்பிச் சண்டைபோடலாம் என்று காத்திருந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "வாரும் ஓய், காப்பி ஆறிப்போவும்" என்றான்.

நான் போனேன். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதியதே வீண். அப்படிக் கத்திச் சொன்ன பிறகும் போனேன். தெருவோரத்துப் படிப்புரைத் திண்ணையில், வீட்டுக்குள் நுழையும் வாசலுக்கு வெளியே, எனக்குக் காப்பி வந்தது. எல்லாருக்கும் பித்தளைத் தம்ளர், எனக்குக் கண்ணாடித் தம்ளர். பெரியப்பா கடல் படத்தைப் பற்றி நல்லபடியாக இரண்டு வார்த்தை பேசினார். கத்தினதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குடித்து முடித்ததும் தம்ளரை நானே கழுவிக் கவிழ்த்துவைத்தேன். யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரிந்திருந்தது. யாருடைய அவமானத்தை மூடி மறைத்து எனக்கொரு மரியாதை தேடினேனோ, அந்த மரியாதையின் அளவு அந்தத் தம்ளரில் இருந்தது. அதற்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

உபதேசியாரைக் காப்பிக்கு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. அவர் பெட்டியைக் கட்டி முடித்துக் கால்வாய்ப் பாலத்தில் உட்கார்ந்திருந்தார்.

"காப்பி நல்லா இருந்துதா?"

"ம்."

"அப்போ அந்த ஒடஞ்ச படத்த இங்க தா. பெட்டியில வைக்கணும்."

கொடுத்தேன். பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த அம்மாள் மகனிடம் என்ன சொன்னாள், அவன் நம்பினானா என்று தெரியாது. அடுத்த அறுப்பில் அந்த ஊருக்குப் போய் விசாரித்தேன். மகன் காரியம் முடிந்துவிட்டது என்றும், அவள் மேற்கே மார்த்தாண்டம் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றும் சொன்னார்கள்.

இப்போதும் நாங்கள் மாய விளக்கைத் தூக்கிக்கொண்டு போகிறோம். எந்தப் படத்தையும் நான் விடுவதில்லை. ஆனால் முன்வரிசையில் படித்தவர்கள் இருக்கிற ஊரில், குருத்தோலைப் படம் போய் அந்தப் படம் விழுகிறபோது, என் குரல் தானாக இறங்குகிறது. எனக்குத் தெரியாமலே இறங்குகிறது. அப்போது விளக்குக்குப் பின்னாலிருந்து உபதேசியார் சொல்லுவார்:

"ஒறக்கச் சொல்லு, மக்கா."