உயிரோடிருக்கும் பிலோமினாவுக்கு ஒரு விளம்பரம்

கால் நூற்றாண்டாக இறந்தவர்களுக்காக எழுதிப் பழகிய கையால், உயிரோடிருக்கிற என் மனைவிக்கு ஒரு விளம்பரம் எழுதினேன். என்ன நடந்தது என்று, செவ்வாய்க்கிழமைப் பூசையில் என்னோடு ஒரே வாங்கில் நெருங்கியிருக்கும் உங்களில் பாதிப்பேருக்கு அரைகுறையாகத் தெரியும். மீதிப்பேர் மலர்வளையத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வராதவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எல்லோர் முன்னிலையிலும் புனித அந்தோனியாருக்கு நன்றி சொல்கிறேன்.

நான் ஒரு பத்திரிகையின் விளம்பரப் பகுதியில் மரண அறிவித்தல் எழுதி ஓய்வு பெற்றவன். கண்ணாடி யன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் அழுதுகொண்டு சொல்வார். இந்தப் பக்கத்தில் நான் அதை ஒழுங்குபடுத்துவேன். பிறப்பிடம், வதிவிடம், காலஞ்சென்ற தாய் தகப்பன், அன்புக் கணவர், பாசமிகு பிள்ளைகள், அதற்குப் பிறகு மைத்துனர்மார். ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டால் குடும்பமே இரண்டாகும். நான் ஒருவரையும் விட்டதில்லை. நல்ல நாவல்கள் நிறைய வாசித்தவன்தான். ஆனால் அவற்றை எழுதியவர்களைவிட என்னைத்தான் கொழும்புத் தமிழர் தினமும் காலையில் தேநீரோடு வாசித்தார்கள். அந்தப் பெருமை எனக்குள் இருந்தது. பெருமைக்காரரை ஆண்டவர் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும்.

பிலோமினா வருடக்கணக்காகத் துறைமுகத்தை அண்டிய அலுவலகங்களுக்குப் பற்றீஸும் கட்லட்டும் கொண்டுபோனவள். விடிய எழும்பிப் பொரித்து, கூடைகளில் அடுக்கி, எங்கள் ஒழுங்கை முனையில் முச்சக்கரவண்டி ஓடும் சுனிலோடு போவாள். பத்து மணித் தேநீருக்கு முன்னால் எல்லா மாடியும் ஏறி இறங்கிவிடுவாள். பிறகு கொரோனா நோய்க்காலம் வந்தது. அலுவலகங்கள் மூடின. திறந்தபோது பாதிப்பேர் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகியிருந்தார்கள். சில இடங்கள் வேறு பக்கம் போய்விட்டன. கடைசியாக மிஞ்சியிருந்த கட்டடத்தில், வெளிச்சாப்பாடு உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே கூடையைத் திருப்பிவிட்டார்கள்.

வருமானம் போனதை அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு.

“இவ்வளவு காலம் போனன். ஏன் வரேல்லை எண்டு ஒரு காக்கா குருவி கேட்டுதா?”

இதை ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு கதையே குறைந்துவிட்டது. குசினியில் அடுப்புக்கு முதுகு காட்டிக்கொண்டு இருப்பாள். வானொலி போடமாட்டாள். மகள் கனடாவிலிருந்து போன் எடுத்தால், “ஓம், ஓம், சுகம்” என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டுவாள். நான் ஆறுதல் சொன்னேன். மனித உழைப்பின் மேன்மையைப் பற்றி நன்றாகத்தான் சொன்னேன். “உங்கட தமிழ் எனக்கு விளங்கேல்ல” என்றாள்.

பிறகு ஒருநாள் தன் ஒன்றுவிட்ட தம்பி அன்ரனுக்குப் போன் எடுத்தாள். அன்ரன் ஹெந்தளையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். “அந்தப் பெரிய காஸ் அடுப்பையும் எண்ணெய்த் தாச்சியையும் நீ கொண்டுபோ. எனக்கு இனித் தேவையில்லை” என்றாள். வெள்ளிக்கிழமை வான் கொண்டுவருவதாக அவன் சொன்னான். பேசி முடித்துவிட்டு அவள் அடுப்பைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள். ஒரு பிரேதத்தைக் குளிப்பாட்டுவது போல இருந்தது எனக்கு. அப்போதுதான் பயந்தேன்.

அது வைகாசியில் ஒரு திங்கட்கிழமை. பின்னேரம் அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். செபப் புத்தகத்திலும் ஒற்றுப்பிழை பார்க்கிறவன் நான். அன்று ஒரு வசனமும் ஒழுங்காக வரவில்லை. “அந்தோனியாரே, தொலைந்த சாவியை எல்லாம் தேடித் தருகிறீர். இவளைத் தேடி ஆராவது வரவேணும்” என்றேன். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு யோசனை வந்தது. இப்போது வியாபாரமெல்லாம் முகநூலில்தானே? மகள் எனக்கொரு கணக்கு ஆரம்பித்துத் தந்திருந்தாள். மற்றவர்களின் எழுத்துப் பிழைகளைத் திருத்த மட்டுமே அதைப் பயன்படுத்தி வந்தேன். அதில் எனக்கு நண்பர்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலானோர் நான் அறிவித்தல் எழுதிக்கொடுத்த குடும்பத்தவர்கள். விளம்பரம் எனக்குப் புதிதா என்ன? யாரையும் கேட்காமல் உட்கார்ந்தேன்.

மகளின் கலியாணப் படமொன்றிலிருந்து பிலோமினாவை மட்டும் வெட்டியெடுத்தேன். படத்துக்கு அவள் சிரிப்பதில்லை. பரவாயில்லை, கம்பீரமாக இருந்தது. சட்டகம் வேண்டுமா என்று போன் கேட்டது. மெல்லிய கறுப்புக் கரையும் மூலையில் இரண்டு வெள்ளை லில்லிப் பூக்களும் உள்ளதைத் தெரிந்தெடுத்தேன். கண்ணியமாக இருந்தது. பிறகு எழுதினேன்:

“ஊர்காவற்றுறையைப் பிறப்பிடமாகவும், கொட்டாஞ்சேனையை வதிவிடமாகவும் கொண்ட திருமதி பிலோமினா அவர்கள், காலஞ்சென்ற...”

அப்படியே போனது. மாமா மாமியை விடவில்லை. மைத்துனர்மார் எல்லோரும் வந்தார்கள். வாங்குகிறவனுக்கு இது யாருடைய கைப்பக்குவம் என்று தெரிய வேண்டாமா? எல்லாவற்றுக்கும் கீழே மீன் பற்றீஸ், கட்லட், ரோல்ஸ், நியாய விலை. முடிவில் வழக்கம்போல “தகவல்: கணவர்” என்று போட்டு, என் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தேன். கொட்டாஞ்சேனை ஆட்கள் சேர்ந்திருக்கும் ஒரு குழுவிலும் போட்டுவிட்டு, போனை அணைத்தேன். செவ்வாய்க்கிழமைப் பூசை முடியும்வரை போனைத் தொடுவதில்லை என்பது என் நேர்த்தி. பிலோமினாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதிசயமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் பூசையும் நவநாளும் முடித்துத் திரும்பி வருகிறேன், எங்கள் ஒழுங்கை முனையில் வெள்ளைக்கொடி கட்டியிருக்கிறது.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். ‘யாரோ போய்விட்டார்கள். அறிவித்தல் எழுத என்னிடம்தான் வருவார்கள்’ என்று, முதல் வசனத்தை மனதுக்குள் கட்டிக்கொண்டே நடந்தேன். சுனில் வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “அனே மஹத்தயா”, ‘ஐயோ ஐயா’ என்றார். கண் சிவந்திருந்தது. கொடிகளைக் கட்டியவர் அவர்தான்; வீட்டுக்குள் போக மனம் வராமல் முனையிலேயே நின்றிருக்கிறார். யார் என்று சிங்களத்தில் கேட்டேன். “அபே நோனா”, ‘நம்முடைய அம்மணி’ என்று சொல்லி, என் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

கொடிகள் என் கேற் வரைக்கும் போயிருந்தன.

காலையில் நான் புறப்படும்போது அவள் படுத்திருந்தாள். எழுப்பவில்லை. ஓடினேன். என் வயதுக்கும் வயிற்றுக்கும் அது ஓட்டம்தான். “அந்தோனியாரே, ஆட்கள் வரவேணும் எண்டுதான் கேட்டன், இப்பிடியா?” என்று வாய்விட்டே சொன்னேன். ஆயிரக்கணக்கான பேருக்கு எழுதியவன். அந்த ஒழுங்கையில் எனக்கு ஒரு வசனமும் வரவில்லை. பிறப்பிடமும் வரவில்லை, வதிவிடமும் வரவில்லை. பிலோமினா என்ற பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

முன்னறை நிறையச் சனம். நடுவில், வீட்டுச் சட்டையோடு, மடியில் ஒரு மலர்வளையத்தை வைத்துக்கொண்டு பிலோமினா இருந்தாள். பக்கத்தில் அன்ரன், லேஞ்சியால் முகத்தைத் துடைத்தபடி.

“வாங்கோ” என்றாள். “உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம். அடக்கம் எத்தனை மணிக்கெண்டு சனம் கேக்குது.”

நான் வாசற்படியில் குந்தி அழுதேன். அதைப் பார்த்ததும், வந்திருந்தவர்களில் சிலருக்கு ஒரு திருப்தி. ஏதாவது ஒன்று முறைப்படி நடக்கிறதே.

அன்ரன் தன் போனை எடுத்துக் காட்டினான். “அத்தான், இதில முதல் மூண்டு வரிதான் தெரியும். மிச்சம் பாக்க ‘மேலும் பார்க்க’ எண்டதை அமத்த வேணும். ஆர் அமத்துறது? உங்கட பற்றீஸ் எங்க கிடக்குத் தெரியுமோ? மச்சான்மாருக்கும் கீழ!”

உண்மைதான். கறுப்புக் கரை, லில்லிப் பூ, சிரிக்காத முகம், பிறப்பிடம், வதிவிடம், ‘காலஞ்சென்ற’. அதோடு வெட்டுப்பட்டிருந்தது. அதற்குக் கீழே அனுதாபங்கள் குவிந்திருந்தன. மகள் பார்க்கவில்லை. அங்கே பகல் முழுக்க அவளுக்கு வேலை, இப்போது நித்திரை. அதுவும் ஒரு கருணை.

“என்னதான் சொல்லியிருக்கினம்? வாசி பாப்பம்” என்றாள் பிலோமினா.

அன்ரன் வாசித்தான். கப்பல் அலுவலகமொன்றின் லிகிதர், “பிலோமினா அக்கா வந்தால்தான் எங்களுக்குப் பத்து மணி” என்று எழுதியிருந்தார். ஒரு காவலாளி சிங்களத்தில், பிலோமினா உடைந்த பற்றீஸைத் தனக்கென்று கடதாசியில் சுற்றி வைப்பதையும், அது சும்மா உடைந்ததல்ல, வேண்டுமென்றே உடைத்ததென்று தனக்குத் தெரியும் என்பதையும் எழுதியிருந்தார். ஒரு பெண், தான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது மீன் வாடை ஒத்துக்கொள்ளாதென்று பிலோமினா தனக்கு மட்டும் உருளைக்கிழங்குப் பற்றீஸ் தனியாகச் செய்து கொண்டுவந்ததைச் சொல்லியிருந்தாள். “கனகாலமாய்க் காணேல்ல. சுகமில்லையோ எண்டு கதைச்சுக் கொள்ளுவம். விசாரிக்க ஒருத்தரிட்டயும் நம்பர் இல்லை.”

பிலோமினா போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். மூக்குக்கண்ணாடி இல்லாமல், தூரப் பிடித்து, தானே ஒவ்வொன்றாக வாசித்தாள்.

“அவளுக்கு என்ன பிள்ளை பிறந்ததெண்டும் எனக்குத் தெரியாது” என்றாள். பிறகு, “நான் நம்பர் குடுக்கவேயில்லைத்தான். ஒவ்வொரு நாளும் போறவளுக்கு நம்பர் என்னத்துக்கு எண்டு இருந்திட்டன்” என்றாள்.

அவள் எழும்பினாள். வளையத்தை என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

அன்ரன் பின்னால் போனான். “அக்கா, வெள்ளைக்கொடி கட்டின வீடு. செத்த வீட்டில அடுப்பு எரிக்கக் கூடாது.”

“செத்தவள் நான்தானே? என்னைக் கேக்காமல் ஆர் சொல்லுறது?” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. “பற்றீஸுக்கு ரின்மீன் ரெண்டு பேணி வாங்கிக்கொண்டு வா. வந்த சனத்தை வெறும் வயித்தோட அனுப்பேலாது.”

அடுப்புப் பற்றும் சத்தம் கேட்டது. சகோதரரே, என் வாழ்வில் பல பாடற்பூசைகள் கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு ஈடாக ஒன்றுமில்லை.

வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். அன்ரன் ஒரு படம் எடுத்தான்: ஒரு கையில் மலர்வளையம், மறு கையில் பற்றீஸ் தட்டு, முகத்தில் சிரிப்பு. படத்துக்குச் சிரித்த பிலோமினாவை நான் அன்றுதான் கண்டேன். அடுத்த விளம்பரத்தை அவளே சொல்ல, நான் தட்டினேன். “நான் பிலோமினா. உயிரோட இருக்கிறன். நாளைக்குப் பற்றீஸ் போடுறன். வேணுமெண்டா இந்த நம்பருக்குச் சொல்லுங்கோ.” இலக்கம் அவளுடையது. ‘வேண்டுமென்றால்’ என்று திருத்தப்போனேன். கையில் அடித்தாள்.

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணும் எடுத்தாள். பெண் பிள்ளையாம், இப்போது மீனும் சாப்பிடுமாம். வெள்ளிக்கிழமை அன்ரன் சொன்னபடி வான் கொண்டுவந்தான். அடுப்பு போகவில்லை. அவன் கடைக்கான கட்லட்டுத்தான் போனது.

இப்போதும் சில நாட்கள் மந்தம்தான். மழை பெய்தால் கூடை மிஞ்சும். எங்கள் வீடு மாளிகையாகவில்லை. ஆனால் காலையில் குசினியில் வானொலி கேட்கிறது. நானும் மாறிவிட்டேன். சுனிலோடு கூடை தூக்கிப் போகிறேன். பழைய வாடிக்கையாளர்கள் எல்லோருடைய இலக்கமும் எங்களிடம் உண்டு, எங்களுடையது அவர்களிடம் உண்டு. பிலோமினா சொல்வதை, அவள் சொன்ன சொல்லிலேயே முகநூலில் போடுகிறேன். கறுப்புக் கரை போடுவதில்லை.

இது என் மடைத்தனம், இதில் அந்தோனியார் எங்கே வந்தார் என்று உங்களில் படித்தவர்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். அவளைத் தேடி ஆராவது வரவேணும் என்று கேட்டேன்; மறுநாள் மத்தியானத்துக்குள் வீடு நிறைய வந்தார்கள். என் கெட்டித்தனத்தால் கிடைத்ததல்ல. அதையும் மீறிக் கிடைத்தது. ஆகவே, கதவு அடைபட்டதென்று குசினியில் இருட்டுக்குள் இருப்பவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து கேளுங்கள். அலங்காரம் வேண்டாம். வாயில் வருகிற ஒரு வரி போதும். நீங்கள் தொலைந்துவிட்டதாக நினைக்கும் இடத்தில் உங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள், இலக்கம்தான் இல்லை. அதை அவர் பார்த்துக்கொள்வார்.

பங்கில் வீட்டு விசேஷங்களுக்குப் பற்றீஸ், கட்லட், ரோல்ஸ் தேவையானவர்கள் முதல்நாளே சொல்லிவிட்டால் நல்லது.

இவ்வளவையும் எழுதி முடித்து, வாசிக்கச் சொல்லிப் பிலோமினாவிடம் கொடுத்தேன். கையில் மாவோடு நின்றபடியே முழுவதையும் வாசித்தாள். கண்ணைத் துடைத்தாள். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

“இதிலயும் பற்றீஸைக் கடைசியிலதானே போட்டிருக்கிறீங்கள்” என்றாள்.