மூளை கதைக்காத இரண்டு மணித்தியாலம்

காலை எட்டு நாற்பதுக்கு எல்லாம் குழம்பத் தொடங்கியது. போன வருடம், பாடசாலை விடுமுறை நேரம், மன்னாரில் ஒரு வைத்தியசாலையில். பந்தடிக்கப் போய்க் கையை முறித்துக்கொண்ட என் பதினாறு வயது மகனுக்கு அன்று தகடு வைக்கும் சத்திரசிகிச்சை. முழு மயக்கம் கொடுப்பார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. பழையபடி எழும்புவானா, படித்ததெல்லாம் தலையில் இருக்குமா, என்னை அடையாளம் தெரியுமா என்று போனில் தேடித் தேடி, உலகத்தில் உள்ள பயமெல்லாம் படித்து வைத்திருந்தேன்.

சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குக் கொண்டுபோக முன் தாதி மிஸ்ஸி கடைசியாகக் கேட்டார். "தம்பி, ராத்திரிக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடேல்லை, குடிக்கேல்லைத்தானே?"

"சாப்பிடேல்லை மிஸ்ஸி. பெரியம்மா மடு மண் கரைச்ச தண்ணி தந்தவ. ஒரு கிளாஸ்."

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். நறுவிலிக்குளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர், நான் முகம் கழுவப் போன நேரத்தில் காரியத்தை முடித்திருக்கிறார். மடு மாதா கோவில் மண்தான் எங்கள் வீடுகளில் எந்த வருத்தத்துக்கும் முதல் மருந்து.

"சாப்பிடக் கூடாதெண்டுதானே சொன்னவை. இது சாப்பாடில்லை, மாதாவின்ர மண்" என்றார் அக்கா.

"அது வயித்துக்குத் தெரியாதெல்லோ அம்மா" என்றார் மிஸ்ஸி.

சத்திரசிகிச்சை பின்னேரத்துக்குத் தள்ளிப்போனது. வெளியே எங்கள் சண்டை தொடங்கியது.

"உனக்கு விசுவாசம் காணாது."

"உங்கட விசுவாசத்தை நாளைக்குக் கரைச்சிருக்கலாமே அக்கா!"

சத்தம் கேட்டு மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் வெளியே வந்தார். என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும். இரண்டு பேரையும் கதிரையில் இருத்தினார்.

"இது நித்திரையில்லை அம்மா. நித்திரையெண்டால் தட்டினா எழும்புவான். இதில மூளையின்ர ஒரு பகுதி மற்றப் பகுதியோட கதைக்கிறதே நிண்டுபோகும். இருமவும் தெரியாது. அந்த நேரம் வயித்தில கிடக்கிறது மேல வந்தா நெஞ்சுக்குள்ள போயிடும். அதுதான் வெறுவயிறு."

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நான் கேட்டேன்: "பிறகு திரும்பக் கதைக்குமோ டொக்டர்?"

"கதைக்கும். அதுவரைக்கும் நீங்கள் ரெண்டு பேரும் கதைக்காமல் இருங்கோ."

பின்னேரம் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். அக்கா செபமாலையை எடுத்துவிட்டு, அனுமதி கேட்பதுபோல் என்னைப் பார்த்தார். "செபம் எவ்வளவும் சொல்லுங்கோ. ஒருத்தருக்கும் ஒண்டும் குடிக்கக் குடுக்காதேங்கோ" என்றேன். பிறகு நானும் சேர்ந்து சொன்னேன். வாய் செபம் சொன்னது. மனம் மட்டும், அந்தத் தலைக்குள் இப்போது யாரும் யாரோடும் கதைக்கவில்லையே என்று நடுங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்த ஒவ்வொரு தடவையும் எழும்பினேன். ஒரு தடவை கூட்டித் துடைக்க வந்தவருக்கும் எழும்பி நின்றேன்.

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு தள்ளுவண்டி வந்தது. கையில் பெரிய கட்டு, கண் பாதி திறந்தபடி. குனிந்து, "அப்பன், நான் ஆரெண்டு தெரியுதோ?" என்று கேட்டேன்.

என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னம்மா, இன்னும் தொடங்கேல்லையோ? அப்ப நான் போய்ச் சாப்பிட்டிட்டு வாறன்" என்று வண்டியிலிருந்து இறங்கப் பார்த்தான்.

அவனுக்கு அந்த இரண்டு மணித்தியாலம் கண் மூடித் திறந்த நேரம்கூட இல்லை. நான் அதை இன்னும் வாழ்ந்து முடிக்கவில்லை.